பனிக்கு அடியில் சுழன்ற விளக்கு

ஒண்டாரியோ ஏரியிலிருந்து கிளம்பும் பனிச்சூறை சொல்லிவிட்டுத்தான் வரும். சொன்ன பத்தாவது நிமிடம் வாசலில் நிற்கும். அன்று பகல் பதினொரு மணிக்கு ஊரிலுள்ள எல்லாருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை சொல்லி அலறியபோது வெளியே பளீரென்று வெயில். பனி தள்ளும் லாரிகள் ஆறையும் கொட்டகைக்குத் திருப்பச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசியாக வந்து சேர்ந்தவன் நான். கதவை இழுத்து மூடுவதற்குள் எதிரே இருந்த சாலை காணாமல் போயிருந்தது.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா நோரீன் கைப்பேசியில் அழைத்தாள்.

"டேய் டெல்பர்ட், நல்லவேளை நீ முன்னாடி போறே. இல்லேன்னா இந்நேரம் ஏதாவது பள்ளத்துல கெடப்பேன்."

"யாரு முன்னாடி போறா?"

"நீதான். மஞ்சள் விளக்கு சுத்துதே. அதைப் புடிச்சுக்கிட்டேதான் வரேன்."

ஏரிக்கு மேற்பட்ட எங்கள் மேட்டு ஊர்களில் எல்லாரும் செய்வதுதான். கண் தெரியாத பனியில் லாரியின் மஞ்சள் சுழல்விளக்கு தட்டுப்பட்டால் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வோம். லாரி போகிற இடம்தான் சாலை. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

"அக்கா, நான் கொட்டகையில இருக்கேன்."

"உன் புளுகெல்லாம் வேற யார்கிட்டயாவது வெச்சுக்க. ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஆஸ்பத்திரியில கெடக்கேன்னு போன் பண்ணினவன்தானே நீ."

பண்ணினேன்தான். என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆறு வண்டியும் என் கண்ணு முன்னாடி நிக்குதுக்கா."

"அப்ப இது யாரு, உன் தாத்தனா? இதோ இறக்கத்துல இறங்குது. நானும் இறங்கறேன். ரோடு என்னமா வழவழன்னு இருக்கு, ஒரு குலுக்கல் இல்ல."

காப்பியைக் கீழே வைத்தேன். அவள் வரும் சாலையில் குலுக்காத இடமே கிடையாது. இறக்கமும் ஒன்றே ஒன்றுதான். நீர்த்தேக்கத்தில் படகு இறக்கும் சரிவு. டிசம்பர் மாத ஐஸ் ஆளைத் தாங்கும். காரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

"நிறுத்து. அம்மா மேல சத்தியமா சொல்றேன், நிறுத்திட்டுக் கீழ இறங்கு."

அம்மா பெயரை நான் விளையாட்டுக்கு இழுப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு காற்று மட்டும்.

"டெல்பர்ட், கீழ ஐஸுடா."

"தெரியும். உன் டயர் தடத்தைப் பாத்துக்கிட்டே திரும்பி நட. ஓடாதே."

"விளக்கும் நின்னுடுச்சு. இல்ல, அது முன்னாடி இல்லடா. என் காலுக்குக் கீழ சுத்துது. ஐஸுக்கு அடியில."

லாரிகளை மறுபடி எண்ணினேன். ஆறு. மற்ற ஓட்டுநர்கள் ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளேருந்து யாரோ தட்டறாங்க. உசிரோட இருக்காங்கடா. டிக்கியில கடப்பாரை இருக்கு, எடுத்துட்டு வந்து உடைக்கறேன்."

"ஐயோ, வேணாம். அது ஐஸ் விரிசல் விடற சத்தம். நட."

"உனக்குக் கேக்குதா இல்லியா? உண்மையச் சொல்லு."

"ஒண்ணும் கேக்கல," என்றேன்.

அவள் நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள். கரையேறுவதற்குள் முதுகுக்குப் பின்னால் ஐஸ் பிளந்து கார் உள்ளே போனது. இருபது நிமிடத்தில் மறுபடி வெயில். நான் போய்ச் சேர்ந்தபோது சரிவின் தலைப்பில் உட்கார்ந்து பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். மறுநாள் முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள். அவள் காரைத் தவிர அடியில் எதுவும் இல்லை. மாவட்டத்தில் எந்த லாரியும் காணாமல் போகவில்லை.

இன்றைக்கும் திடீரென்று கேட்பாள். "நெஜமா உனக்கு எதுவும் கேக்கலியாடா?"

"கேக்கலக்கா."

நிம்மதியாகத் தலையாட்டிக்கொள்வாள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. ஐஸ் விரிசல் அப்படி நிறுத்தி நிறுத்தித் தட்டாது.