பஃப் சக்கரத்தில் ஒரு வெள்ளி ரூபாய்

ராஜசேகருக்குத் தன் கண்மேல் அபார நம்பிக்கை. வல்லம் வடகாலில் பைக் பாகங்களுக்குக் குரோம் பூசும் எங்கள் கம்பெனியில் அவர்தான் கடைசிச் சோதனை சூப்பர்வைசர். கைப்பிடியை ட்யூப்லைட்டுக்குக் கீழே திருப்பிப் பார்ப்பார். அதில் தன் முகம் தெரிந்தால் பாஸ், தெரியாவிட்டால் ரிஜெக்ட். பதினோரு வருடம் இதையே செய்ததில், உலகத்து உலோகங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம் என்று முடிவு கட்டியிருந்தார்.

அவருடைய லைனில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்தாள் பாண்டிச்செல்வி. ஊர் விளாத்திகுளம் பக்கம். இங்கே சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுக்கை. ஆறு வயது மகள் நிலா ஊரில் சித்தி வீட்டில் இருந்தாள். பள்ளி திறப்பதற்குள் பிள்ளையைக் கூட்டிவர ஒரு ரூம் வேண்டும். வடக்குப்பட்டில் ராஜசேகரே கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஆறு ரூம்களில் ஒன்று காலியாக இருந்தது. இருபதாயிரம் அட்வான்ஸ் வைத்தால்தான் சாவி என்றார் அவர்.

அதற்காகத்தான் கேன்டீனில் அந்த ரூபாயை என்னிடம் காட்டினாள். நான் மெயின்டனன்ஸ், நாணயம் சேர்ப்பவன். 1919-ஆம் வருடத்து வெள்ளி ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ் தலை. அவள் அம்மாவின் பெட்டியில் பழுப்புக் காகிதத்தில் மடித்த மடிப்பிலேயே கிடந்தது. விளிம்பில் நீலமும் ஊதாவும், நடுவில் மங்கிய பொன்னிறமும். நான் முதல் காரியமாகப் போனில் ஒரு படம் எடுத்தேன்.

"கறுத்துப்போச்சே அண்ணாச்சி, இதுக்கு வெல கெடைக்குமா?" என்றாள்.

அது அழுக்கு அல்ல என்று சொன்னேன். காகிதத்திலிருந்த கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகிவிட்டது. தேங்கிய மழைத் தண்ணீரில் சிந்திய டீசல் வானவில் காட்டுகிறதே, அதே கணக்கு: படலத்தின் தடிமனுக்குத் தகுந்த நிறம். நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றிக் காட்டினேன். ஒரு வெளிச்சம் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல வட்டமாகச் சுற்றியது. அச்சு அடிக்கும் வேகத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்தத் தடம் கண்ணுக்குத் தெரியாத கோடுகளாக நின்றுவிடுகிறது. சுற்றுவது அந்தக் கோடுகளில் படும் ஒளி.

"தரம் பார்க்கிறவங்க எழுபதுக்கு மார்க் போடுவாங்க. புழங்காத காசுன்னா அறுபதுக்கு மேல. கீறல், அச்சழுத்தம், இந்தச் சுத்துற வெளிச்சம் எல்லாம் பார்த்துட்டு, கடைசியா கையை நீட்டிப் பிடிச்சு, கண்ணுக்கு நல்லா இருக்கான்னு பார்ப்பாங்க. ஐ அப்பீல்னு பேரு. அந்த ஒரு பார்வையில அறுபத்து நாலு அறுபத்தஞ்சு ஆகும். விலை எங்கேயோ போயிடும்."

பக்கத்து மேசையில் இருந்த ராஜசேகர் காதில் கடைசிப் பகுதி மட்டும் விழுந்தது. வந்து கட்டை விரலை அரசரின் கன்னத்தில் அழுத்தி எடுத்தார்.

"இன்னாமா இது, அடுப்புல வுழுந்து எட்த்த மாரி கீது?"

"சார், விளிம்பைப் பிடிங்க" என்றேன்.

"யோவ் ஸ்ரீதரு, நான் பாக்காத ஃபினிஷா? கண்ணுக்கு நல்லா கீணும்னு நீதான சொன்ன? இதுல மூஞ்சி தெர்தா?"

"தெரியக் கூடாது சார்."

"தெரியக் கூடாதாம்!" மேசை முழுவதையும் சிரிப்புக்கு அழைத்தார். "அதான் நீ இன்னும் ஸ்பேனர் புட்சிகினு கீற."

"வேணாம் சார், இருக்கபடியே இருக்கட்டும். குடுத்துருங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

"அட இரும்மா. உனக்கு வெல வந்தாதான எனக்கு அட்வான்ஸ் வரும்?" ரூபாய் அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. அந்த நேரம் பார்த்துக் கன்வேயர் நின்றுவிட்டதென்று என்னை அழைத்தார்கள்.

டீ இடைவேளையில் மூன்றே நிமிடம். பளபளப்பு ஏற்றும் பஃப் சக்கரம், அதில் தடவும் பச்சை காம்பவுண்ட், அவர் கை. "இப்போ பாரு, மூஞ்சி தெர்தா?" என்று நீட்டினார். தெரிந்தது, ராஜசேகரின் முகம். அரசரின் தாடியைத்தான் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. தரம் பார்க்க நாணயங்களை அனுப்பிவைக்கும் வியாபாரி வெங்கடேசன் மூன்று விநாடிதான் பார்த்தார்.

"மார்க்கே போட மாட்டாங்கம்மா. பாலிஷ் பண்ணதுன்னு எழுதித் திருப்பிடுவாங்க. வெள்ளி எடைக்கு வேணா எடுத்துக்கறேன்."

நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இருபதாயிரத்துக்கு நானே எடுத்திருப்பேனே. எவன் செஞ்ச வேலை இது?"

"கண்ணு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரு" என்றாள் பாண்டிச்செல்வி. ரூபாயை விற்காமல் வாங்கிக்கொண்டாள்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு, கொண்டுவந்தவர் ராஜசேகரேதான். ஒரு பாகம் கெட்டால், கெட்ட கதையை ஐந்து முறை 'ஏன்' கேட்டு எழுதி போர்டில் ஒட்ட வேண்டும். கீழே திருத்த நடவடிக்கை என்றொரு கட்டம். கெடுத்தவர் அதை நிரப்பிக் கையெழுத்துப் போடும்வரை தாளை யாரும் எடுக்கக் கூடாது. சின்னக் கீறலுக்கெல்லாம் பாண்டிச்செல்வியை அவர் எழுதவைத்த தாள்கள் ஒரு ஃபைல் தேறும்.

திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் போர்டில் பாண்டிச்செல்வி எழுதி ஒட்டிய புதிய தாள். பக்கத்தில் சாம்பிள் கவரில் ரூபாய், அதன்மேல் சிவப்பு ரிஜெக்ட் டேக். ஆலைத் தலைவர் ஜீவானந்தம் சத்தமாகவே படித்தார்.

"ரூபாயின் மேற்பரப்பு அழிந்தது ஏன்? பஃப் சக்கரத்தில் வைத்ததால். ஏன் வைத்தார்? மங்கலாக இருந்ததால். மங்கல் ஏன் குறை? முகம் தெரியாததால். ஏன் தெரிய வேண்டும்? கைப்பிடியில் தெரிவதால். ரூபாயைக் கைப்பிடி என்று ஏன் நினைத்தார்? சார் சொல்லணும்."

சிரிப்பு ஆசிட் தொட்டிவரை போனது.

"சார், அது பர்சனல் மேட்டரு" என்றார் ராஜசேகர்.

"நம்ம சக்கரம், நம்ம காம்பவுண்ட். எழுதுங்க."

மூன்று நாள் அந்தத் தாள் தொங்கியது. பஃபிங் பையன்கள் விடவில்லை: "சார், பத்து ரூபா காயின் ஒண்ணு கீது, மூஞ்சி தெர்ல, கொஞ்சம் பாக்கறீங்களா?" நான்காம் நாள் கட்டத்தில் எழுதினார்: 'பாண்டிச்செல்விக்கு ரூம் நம்பர் 4, அட்வான்ஸ் இல்லாமல்.'

அவள் நின்று படித்தாள். "பொறவும் கேக்க மாட்டேன்னு சேத்து எழுதிருங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் ரூபாயைக் கவரோடு அவரிடமே நீட்டினாள். "வச்சுக்கிடுங்க. உங்களுக்குத்தான் இதுல மூஞ்சி தெரியுது."

ஜூன் மாதம் நிலா வடக்குப்பட்டிலிருந்து பள்ளிக்குப் போகத் தொடங்கிய வாரம், ராஜசேகர் என்னைத் தனியாகப் பிடித்தார். "நெஜமா சொல்லு ஸ்ரீதரு. இப்பதான நல்லா கீது?"

நான் பொறுமையாக முதலிலிருந்து விளக்கினேன்: வெள்ளி நகர்வது, கோடுகள், கந்தகம், சுற்றும் வெளிச்சம். எதையும் விடவில்லை. அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் அந்த ரூபாயை முகத்துக்கு நேரே பிடித்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.