ஸ்டெப்னி மிஷின்

ஜீவானந்தம் முப்பது வருடம் நாமக்கல்லில் லாரி வைத்துப் பிழைத்தவர். அஸ்தம்பட்டியில் கல்யாண நேரலைக் கம்பெனி தொடங்கிய பிறகும் லாரிப் புத்தி அவரை விடவில்லை. நான்கு சர்வர்களில் மூன்று புதுசு. ஒன்று படுத்தால் கைகொடுக்க வேண்டிய நான்காவது மட்டும் பழசு.

"ஸ்டெப்னிக்கு யாராச்சும் புது டயர் போடுவாங்களா அம்மணி? தேஞ்சது போதும்."

"தேஞ்ச டயரு ஓடுமுங்கண்ணா, இது ஓடாதுங்க. புதுக் கேமராவுல இருந்து வர்ற படத்தை இதுக்குள்ள இருக்கற பழைய வீடியோ கார்டு படிக்காது," என்றாள் சர்வர் அறைக்குப் பொறுப்பான மோகனப்பிரியா.

"லைட்டு எரியுதில்ல?"

செத்த ஆட்டுக்கும் கண் திறந்துதான் இருக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மூன்று முறை சொல்லியாயிற்று. வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் பதினொரு கல்யாணம். ஒரு சர்வர் படுத்தால் நாலு வீட்டுத் தாலிகட்டு இருட்டில் போகும். இதை விடுவதாக இல்லை என்று முடிவுகட்டினாள்.

அதற்கு முந்தைய ஞாயிறு ஜீவானந்தத்தின் பேத்திக்குக் காதுகுத்து. குழந்தையின் அப்பாவான மருமகன் மஸ்கட்டிலிருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்ததும், அஸ்தம்பட்டியில் ஓடிக்கொண்டிருந்த சர்வரின் கரண்ட் வயரை மோகனப்பிரியா பிடுங்கினாள். வேலை பழைய மிஷினுக்குப் போனது. திரை கறுத்தது.

ஒரு காது போனாலும் மறு காதைக் காட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் வயரைத் திரும்பச் செருகி சர்வர் எழ மூன்று நிமிடம் ஆனது. ஆசாரி ஒரே நிமிடத்தில் இரண்டையும் குத்தி முடித்துவிட்டார். படம் வந்தபோது குழந்தை தோட்டோடு அழுதுகொண்டிருந்தது.

போன் அடித்தது. "என்னாச்சு அம்மணி?"

"நாந்தானுங்கண்ணா வயரைப் புடுங்குனேன். ஸ்டெப்னி எந்திரிக்கல. ஒரு காதாச்சும் காட்டிரலாம்னு நெனச்சேன், தப்பாப் போச்சுங்க. வேலைய உட்டு நிறுத்துனாலும் சரி. ஆனா முகூர்த்தத்துக்கு அந்த மிஷினை நம்பாதீங்க."



"பெங்களூர்ல நாளைக்கே வாங்கறேன். என்ன கார்டுன்னு எழுதி அனுப்பு," என்றார் ஜீவானந்தம். "ஆனா கோவம் கோவந்தான். என்ற மருமவங்கிட்ட நான் பேச மாட்டேன். நீயே சொல்லு."

கார்டின் பெயரை அனுப்பிவிட்டு மோகனப்பிரியா மஸ்கட் நம்பரை அழுத்தினாள்.