சரக்கையும் கொடுத்துச் சம்பளமும் கொடுப்பவர்

விற்கிறவனே சரக்கையும் கொடுத்து, வாங்குகிறவன் கையில் காசையும் வைக்கிற வியாபாரம் ராயபுரத்தில் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் பிரவுசிங் சென்டரிலிருந்து ரூஹி ஓடிவந்து சொன்ன நல்ல செய்தியைக் கேட்டு அவளுடைய வாப்பா காஜா மொய்தீன் கலவரமடைந்தார்.

அமெரிக்காவில் ஹென்ரிக்சன் என்ற பேராசிரியர் அவளைத் தன் ஆய்வு உதவியாளராக எடுத்துக்கொள்கிறார். பெருங்கூச்சலுக்கு நடுவே ஒரே ஒரு குரலைக் கணினியால் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சி. மேல்படிப்புக்குக் கட்டணம் கிடையாது. மாதாமாதம் சம்பளம் வேறு. இன்றைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வாப்பா, உடைத்த கப்பல்களின் விளக்கும் மிதவையும் விற்றே தலை நரைத்தவர். யாராவது முதலில் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டு போனால், கூடச் சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

“படிப்பையும் குடுத்து பணத்தையும் குடுக்கிறான்னா, அந்தச் சரக்குல எங்கியோ ஓட்டை கீது,” என்றார்.

பக்கத்து நங்கூரச் சங்கிலிக் கடை வரதனுக்கு வேறு சந்தேகம். காசிமேட்டு மீன் ஏலத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் தினமும் இனாமாகச் செய்கிற வேலைக்கு எதற்குக் கடல்தாண்டி ஆள் தேடுகிறார்கள்? ஆராய்ச்சிக்கு அங்கே அரசாங்கம் பணம் தருகிறது, பேராசிரியர் கைக்காசு இல்லை என்று ரூஹி விளக்கினாள். விளக்கியிருக்கக் கூடாது. அப்படியானால் அவனுக்கே சும்மா வந்த சரக்கு, இன்னும் நன்றாக இறங்கி வருவான் என்று வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரம் பேசாத இடத்துக்குப் பெண்ணை அனுப்புவதில்லை என்றும் முடிவாகச் சொல்லிவிட்டார்.

கடைப் போனிலிருந்தே அழைத்தார்கள். வாப்பா முறைப்படி சரக்கைப் பழித்தார்: ஊர் பேர் கேள்விப்பட்டதில்லை, பனி ஜாஸ்தி, பக்கத்தில் கடல்கூட இல்லை. வாப்பா நலம் விசாரிப்பதாக ரூஹி மொழிபெயர்த்தாள். அடுத்து அவர் ரிசீவரைப் பிடுங்கித் தன் துறைமுக இங்கிலீஷில் “எக்ஸ்ட்ரா? எக்ஸ்ட்ரா?” என்று கொசுறு கேட்டதை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை. ரூஹி ரிசீவரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பேராசிரியர் வெகுநேரம் யோசித்தார். வீட்டில் ஒரு பனிக்கோட்டு சும்மா தொங்குகிறது, அதை வேண்டுமானால் தரலாம் என்றதை அவள் அப்படியே தமிழில் சொன்னாள்.

“கோட்டு தர்றேன்றான் பாய்,” என்றார் வரதன். “இன்னும் கீது அவன்கிட்ட. வுடாத.”

போனை வைத்துவிடச் சொல்லி வாப்பா சைகை காட்டினார். நாலு அடி நடந்தால் தானே கூப்பிடுவான். சந்தையில் எல்லாரும் அப்படித்தான் படிவார்கள். பேராசிரியரின் சந்தையில் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்பது ரூஹிக்குத் தெரியும். வாப்பாவின் விரல் இணைப்பைத் துண்டிக்கப் போனபோது அவள் ரிசீவரின் வாயைப் பொத்தினாள்.

“வாப்பா, இங்க சாயங்காலம்னா அங்க காலைல. இப்பதான் ஆபீஸைத் திறந்திருக்கார். நாமதான் அவருக்குப் போணி.”

சுட்டுக்கொண்டதுபோல் வாப்பா விரலை எடுத்தார். விலை பேசி, கொசுறு வரைக்கும் இறங்கி வரவைத்துவிட்டு, ஒருத்தனுடைய அன்றைய முதல் வியாபாரத்தை முறித்துக்கொண்டு போவதா? அந்தப் பாவத்தை அவர் எதிர்க்கடைக்காரனுக்குக்கூடச் செய்ததில்லை.

வரதனும் இளகிவிட்டார். “போணியா? அப்ப முடிச்சிடு பாய். அவனும் புள்ளகுட்டிக்காரன்.”

வாப்பா ரிசீவரை வாங்கி, “ஓகே சார். பிக்ஸ்டு,” என்றார். தன் கை ராசியான கை, இன்றைக்கு அங்கே வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று ரூஹியை விட்டு வாழ்த்தும் சொல்லவைத்தார். போனை வைத்ததும் எல்லாருக்கும் டீ சொன்னார்.

“டெலிவரி எப்போ பாய்?” என்று கேட்டார் வரதன்.

வாப்பா மகளைப் பார்த்தார்.

“ஆகஸ்ட்ல போகணும்,” என்றாள் ரூஹி.

டீ வந்தது. எல்லாரும் குடித்தார்கள். வாப்பாவின் கிளாஸ் மட்டும் அப்படியே ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

“கோட்டு இன்னாத்துக்கு,” என்றார் கடைசியில். “செப்டம்பர்னு பேசியிருக்கணும்.”