மூன்றாம் பகுதியில் ஒரு பெருக்கல் குறி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார் மேல் கோபம் என்பதை இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் முதலில் விசிலைத் திட்டிக்கொள்கிறேன்.

விசில் எங்கள் மேற்பார்வையாளர். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுகிற பட்டறை எங்களுடையது. ஊர்க் கால்பந்து அணி ஆடுகிற நாளில் அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும், அதனால் அந்தப் பெயர். இவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அணி தோற்ற மறுநாள் இந்த ஊரில் பல் டாக்டர்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இந்தப் பைத்தியத்தில் கலக்கவைக்க ஓர் ஆள் வேண்டும் என்று பட்டறையில் முடிவானது. அந்தப் புண்ணியவதி நான்தான். பச்சைத் துண்டு ஒன்று கொடுப்பேன். ஆட்டக்காரர்களின் பெயர்களை மனப்பாடம் செய்யவைப்பேன். எப்போது கத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன்.*

* ஒன்பது வருடத்துக்கு முன் நானும் புதுசுதான். ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கத்தினால் நானும் கத்துவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

2

மழை தூறிய ஒரு காலையில், கண் நிறையக் கனவுகளைச் சுமந்துகொண்டு அவள்—

(வெட்டு. அவள் சுமந்து வந்தது ஒரு சாப்பாட்டு டப்பாவும் கம்பி வளைந்த குடையும்தான்.)

அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. வெட்டி முடித்த லென்ஸை விளக்கடியில் பிடித்துப் பார்ப்பாள். கீறலோ பவர் பிசகோ இருந்தால் சிவப்பு மெழுகுப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவைப்பாள். ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமானால்தான் வீட்டுக்காரரையும் ஏழு வயது மகளையும் இங்கே அழைத்துக்கொள்ள முடியும். சாப்பாட்டு நேரத்தில் போனில் மகள் கேட்பது ஒரே கேள்விதான்: "வேலை கெட்டியாயிடுச்சாம்மா?"

அதனால் அவள் கால்பந்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். வந்தது வினை. பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, இடது பக்கம் தடுத்து ஆடறாரே, அவரு வலது கால ஊன்றித் திரும்பவே பயப்படறாரு, முழங்கால்ல ஏதோ கோளாறு. கவனிச்சீங்களா?"

"ஆமாமா," என்றேன். எந்த ஆளைச் சொல்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆளாளுக்குப் பெயர் எழுதி, பக்கத்தில் கோல் கணக்கை எழுத வேண்டும். நம் அணி ஜெயிக்கும் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள், எத்தனை கோல் என்பதில்தான் வித்தியாசம். இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அவள் எழுதினாள்: நமக்குச் சைபர், அவர்களுக்கு மூன்று. அடைப்புக்குறிக்குள், 'மூன்றும் இடது பக்கமாக'.

மூன்றும் இடது பக்கமாகத்தான் வந்தன.

3

பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைப் பிடித்துக் கட்டிவைக்கிற கூட்டம் இது. மறுநாள் விசில் அவளைப் பலகை முன்னால் நிற்கவைத்தார்.

"ஏம்மா, வந்து ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள எங்க டீம் மேல வாய வச்சிட்டியே! கருநாக்கும்மா உனக்கு!"

"சார், அவரு முழங்காலு சரியில்ல. பார்த்ததைத்தான் எழுதினேன்."

"உன்னைப் பார்க்கச் சொன்னோமா, நம்பச் சொன்னோமா?"

அவள் பலகையைப் பார்த்தாள். அவள் பெயரை மட்டும் யாரோ அழித்திருந்தார்கள்.

அப்போது நான் எழுந்தேன். "நாள் முழுக்கக் குறையைக் கண்டுபிடின்னு ஒருத்திய உட்காரவச்சிட்டு, கண்டுபிடிச்சா குத்தமா சார்? அவ கண்ணுல கோளாறு இல்ல. முதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க!" என்றேன். அறை கப்சிப். விசிலின் முகத்தில் ஈயாடவில்லை.

(நன்றாக வந்திருக்கிறது, இல்லையா?)

4

இனி முடிவு வேண்டும்.

முதலாவது: அந்த ஆட்டக்காரருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை என்று செய்தி வருகிறது. விசில் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். (எந்த ஊரில்? வெட்டு.)

இரண்டாவது: அடுத்த ஆட்டத்துக்கு அவள் 'நமக்கு ஐந்து' என்று எழுதுகிறாள், துண்டைச் சுழற்றிக் கத்துகிறாள், எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்குகிறாள். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லிவிட்டு, நாம் வைக்கிற பரீட்சையின் லட்சணத்தைப் பாருங்கள்: படித்து எழுதியவள் பெயில், ஒன்பது வருடமாகக் காப்பி அடிப்பவள் பாஸ்!

மூன்றாவது முடிவு என் மேசைமேல் கிடக்கிறது. அவளுடைய ஆறு மாதப் படிவம். 'குழுவோடு கலந்து பழகுகிறாரா?' என்ற கேள்விக்கு எதிரே விசில் பென்சிலில் 'இல்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். கீழே, புதியவரைப் பழக்கிவிட்ட உதவியாளரின், அதாவது என், கருத்துக்கு இரண்டு வரி இடம், அதற்கடியில் என் கையெழுத்து. நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும்.

மூன்றில் எது என்பதை வாசகராகிய உங்களிடமே விட்டுவிடலாம் என்றுதான்—

5

டீ நேரத்தில் இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பழக்கதோஷம், ஒவ்வொரு தாளையும் விளக்கடியில் பிடித்துத்தான் படித்தாள். திருப்பித் தந்தபோது மூன்றாம் பகுதியில், நான் எழுந்து பேசிய இடத்தில், சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

"இங்க நீங்க எந்திரிக்கவே இல்லையேக்கா. திரும்பி நின்னு டம்ளர் கழுவிட்டிருந்தீங்க."

கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அதை அவள் சொல்லவில்லை.

"கதைதானேம்மா," என்றேன்.

"கதையில எனக்காகப் பேசிட்டீங்க. படிக்கிறவங்க உங்களை நல்லவங்கன்னு சொல்லுவாங்க. என் பொண்ணு கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

கோபம் யார் மேல் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மணி மூன்று ஐம்பது. முடிவை உங்கள் தலையில் கட்டப் பார்த்தேன், மன்னிக்க வேண்டும். கேட்டது உங்கள் கையெழுத்தை இல்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு விசிலின் அறைக்குப் போகிறேன். அங்கே நான் வாயைத் திறந்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் நன்றாகக் கதை எழுதுவேன். சோதனைப் பிரிவில் விளக்கடியில் இருப்பாள், அவளைக் கேளுங்கள்.