காலிக் கட்டம்

ஜோதிமணிக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது காது. 2008 ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து பாகலூர் ரோட்டு பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்தவளுக்கு இரண்டு காதும் சிவந்துவிட்டன. சென்னை வக்கீல் ரேவதி மேடம் அனுப்பியிருந்த மெயில் அப்படி.

வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் யார் காலிலும் விழாமல் தங்கள் மனுவைத் தாங்களே எழுதிக்கொள்ள ஓர் இணையதளம். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனு தமிழில் அச்சாகி வந்துவிடும். சட்டத்துக்கு ரேவதி மேடம். கம்ப்யூட்டர் வேலைக்குப் புனேயில் இருக்கும் கௌதம். தொழிலாளிக்குப் புரிகிற மாதிரி கேள்வி எழுத ஓசூர் ஜோதிமணி. மூவருக்கும் இதில் சம்பளமும் கிடையாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் கிடையாது. ஜோதிமணி சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். நாமக்கல்லில் இருந்து வந்து ஒன்பது வருடம் ஆகிறது. "என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளிய போவாது" என்பாள். வாய்ச்சவடால் இல்லை, உண்மையிலேயே போனதில்லை.

மெயிலில் இருந்தது இதுதான்: 'ஓசூர்க்காரர்கள் கேள்வியைப் படிப்பதே இல்லை. பெயர் நமக்குத் தெரியாது, பதில்கள் மட்டும் பதிவாகின்றன. இந்த வாரம் பதினொரு பேர். எப்படி நிறுத்தப்பட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதினொரு பேரும் ஆறு கட்டத்திலும் டிக் போட்டிருக்கிறார்கள். வாயால் நிறுத்தினார்கள், கடிதம் கொடுத்து நிறுத்தினார்கள், நானே ராஜினாமா செய்தேன், எல்லாம் ஒரே மனுவில்! இதோடு அலுவலகத்துக்குப் போனால் கையில் இருக்கிற நியாயமும் போய்விடும். உதவி செய்ய வந்து கெடுத்துவிடக் கூடாது. இன்று மாலையோடு பக்கத்தை எடுத்துவிடலாம்.'

"படிக்கறதில்லையாமே!" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் விருட்டென்று எழுந்து, தான் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு நடந்தாள்.

வாசலிலேயே கெம்பம்மா நின்றிருந்தாள். மூன்றாவது போர்ஷனில் குடியிருப்பவள், பக்கத்துத் தளி ஊர்க்காரி. தையல் கம்பெனியில் ஏழு வருடமாகச் செக்கிங் வேலை. போன மாதம் குழந்தைக்கு அம்மை போட்டு, சூப்பர்வைசருக்குப் போனில் சொல்லிவிட்டு ஒன்பது நாள் வீட்டில் இருந்தாள். திரும்பிப் போனால் கேட்டில் செக்யூரிட்டி, "உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா" என்றான். கேட்டதற்குக் கம்பெனி சொன்ன பதில், அவளாகவே நின்றுவிட்டாள் என்பது. ஏழு வருடத்தை ஒரு வாக்கியத்தில் துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே நானே எடுத்துட்டேன்க்கா! நாளைக்குக் காலைல கிருஷ்ணகிரி லேபர் ஆபீசுக்குப் போயி குடுத்துடறேன்" என்று ஒரு தாளை நீட்டினாள். முகமெல்லாம் பூரிப்பு.

ஜோதிமணி வாங்கிப் படித்தாள். மூன்றாவது வரியில், 'நானே விருப்பப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுத்தேன்' என்று அழகாக அச்சாகியிருந்தது. கம்பெனி சொல்கிற பொய்யை இவளே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாள்.

"ஏய், நீ ராஜினாமா குடுத்தியா?"

"ஐயோ, சத்தியமா இல்லக்கா!"

"அப்புறம் எதுக்குடி அந்தக் கட்டத்துல டிக் போட்ட? மேல 'பொருந்துறத மட்டும்'னு எழுதியிருக்குல்ல?"

"படிச்சேன்க்கா. ஆனா கட்டத்தக் காலியா உட்டா தாளு செல்லாதுல்ல? எங்க செக் ஷீட்டுல ஒரு கட்டம் காலியா இருந்தாலும் மெமோ குடுத்துடுவாங்களே." தலைக்கு எண்ணெய் வைப்பது போல, தெரிந்த சங்கதியாகச் சொன்னாள்.

ஜோதிமணிக்குத் தன் லைன் நினைவுக்கு வந்தது. அன்று காலையில்தான் மூர்த்தி என்கிற ஆபரேட்டரை, செக் ஷீட்டில் பத்து மணிக் கட்டம் காலியாக இருந்தது என்று லைனே கேட்கும்படி ஏசியிருந்தாள். ஓசூரில் உள்ள அத்தனை கம்பெனியிலும் அதுதான் சட்டம். கட்டம் இருந்தால் டிக் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, தொழிலாளிக்குப் பழகியது என்று இந்த ஆறு கட்டத்தை அச்சு அசலாக செக் ஷீட் மாதிரியே வைத்தவள் வேறு யாருமில்லை, இவளேதான். வெட்கமாக இருந்தது. பதினொரு பேரின் பிழைப்பு இவள் கண்ணுக்கு எதிரே நழுவிப் போயிருக்கிறது.

வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுகிற ஜாதி இல்லை அவள். கெம்பம்மாவுக்குக் கையாலேயே ஒரு மனு எழுதிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். மீதிப் பத்துப் பேருக்கு யார் எழுதுவது? "குழந்தையத் தூக்கிக்க. வா என்னோட" என்றாள்.

பிரவுசிங் சென்டரில் இருந்தே கௌதமுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஆபீஸ்ல இருக்கேன். சனிக்கிழமை பாக்கலாமா?"

"ஆறு மணிக்கு இங்க கரண்ட் போயிரும் தம்பி. நாளைக்குக் காலைல ஒருத்தி பஸ் ஏறோணும். டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வெளிய வா."

விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப என்னக்கா பண்ணலாம்? எச்சரிக்கைய சிவப்புல போடட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம். எங்க லைன்ல ஒரு பீஸத் திருப்பி மாட்டிட்டா, பலகைல எழுதித் தொங்கவிட மாட்டோம். திருப்பி மாட்டவே முடியாதபடி ஒரு ஆணி வெச்சுருவோம். கட்டத்தையே தூக்கிடு. ஒரு பக்கத்துக்கு ஒரே கேள்வி. 'ராஜினாமா கடிதம் கொடுத்தீர்களா?' கீழ ரெண்டு பட்டன். 'இல்லை', 'ஆமாம்'. ரெண்டும் ஒரே அளவு. 'இல்லை' மொதல்ல. இல்லைன்னு சொல்றதும் பதில்தான்னு அவங்களுக்குத் தெரியோணும்."

"புரியுதுக்கா. அஞ்சரைக்குள்ள தரேன்."

அடுத்த போன் சென்னைக்கு. ரேவதி மேடம், "ஜோதிமணி, உங்க உழைப்பு எனக்குத் தெரியும். ஆனா படிக்காதவங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"படிச்சாங்க மேடம். பதினொரு பேரும் படிச்சாங்க. காலியா விடக் கூடாதுன்னு கம்பெனி சொல்லிக் குடுத்ததச் செஞ்சாங்க. தப்பு என்னுது. ஆறு கட்டம் போட்டது நானு, திருத்தறதும் நானேதான். மாத்துனதுல வர்ற மொத மனுவ அனுப்பறேன். அதப் பாத்துட்டு எடுக்கறதா வேண்டாமான்னு சொல்லுங்க."

ரேவதி மேடம் ஒரு நிபந்தனை போட்டார். "சரி. நீங்க பக்கத்துல இருந்து சொல்லித்தரக் கூடாது."

ஐந்தே முக்காலுக்குப் புதிய பக்கம் வந்தது. கெம்பம்மா உட்கார்ந்தாள். ஜோதிமணி குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள். உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பிரிண்டர் கரகரவென்று ஓடி நின்ற கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

வெளிச்சத்துக்கு வந்து தாளை விரித்தார்கள். 'நான் ராஜினாமா கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. என்னிடம் விசாரணை எதுவும் நடத்தப்படவில்லை. குழந்தையின் உடல்நிலையைத் தொலைபேசியில் தெரிவித்தே விடுப்பில் இருந்தேன்.' ஜோதிமணி இரண்டு முறை படித்தாள், குறை எதுவும் அகப்படவில்லை. கரண்ட் வந்ததும் அதை மெயிலில் அனுப்பினாள். மேடத்திடம் இருந்து ஒரே வரி வந்தது: 'பக்கம் இருக்கட்டும்.'

பழைய மனு எடுத்தவர்கள் புதிதாக எடுத்துக்கொள்ளும்படி பிரவுசிங் சென்டர் சுவரில் ஒரு தாள் ஒட்டினாள். இணையதளத்தின் முதல் பக்கத்திலும் அதையே போட்டார்கள்.

கிருஷ்ணகிரியில் இரண்டு முறை சமரசப் பேச்சு நடந்தது. கம்பெனி ஆள், அவளே நின்றுவிட்டாள் என்றார். அதிகாரி மனுவைப் பார்த்துவிட்டு, "ராஜினாமா கடிதம் எங்க?" என்றார். இல்லாத கடிதத்தை எங்கிருந்து எடுப்பது? இரண்டாம் முறை, வேலையில் சேர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

கெம்பம்மா சேரப் போன திங்கட்கிழமை, பத்து மணி டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்த ஜோதிமணி செல்போனைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கெம்பம்மாவிடம் இருந்து மூன்று தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கேட்டில் மறுபடியும் நிறுத்திவிட்டார்களோ, எதில் கையெழுத்து வாங்கினார்களோ! ஷிப்ட் முடிகிறவரை ஒவ்வொரு பீஸையும் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

மாலையில் கெம்பம்மா யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

"எதுக்குடி மூணு தடவ கூப்ட்ட?"

"சேரும்போது ஒரு தாளு குடுத்தாங்கக்கா. அஞ்சு கட்டம். உங்களக் கேக்கலாம்னு பாத்தேன், நீங்க எடுக்கல. நானே படிச்சேன். நாலு செரியா இருந்துச்சு, டிக் போட்டேன். அஞ்சாவது, 'இது புது வேலை, பழைய வருஷத்தக் கேக்க மாட்டேன்'னு இருந்துச்சு."

"அதுக்கு என்ன பண்ணுன?"

"காலியா உட்டுட்டேன். அந்த சார், 'ஒரு கட்டம் காலியா இருக்கேம்மா'ன்னாரு. 'அது எனக்குப் பொருந்தாதுங்க சார்'ன்னேன். இன்னொரு தடவ படின்னாரு. படிச்சேன். அப்பவும் காலியாவே குடுத்துட்டேன்."

"அப்புறம்?"

கெம்பம்மா கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினாள். புதிதாகச் சேர்பவர்களுக்குத் தரும் நம்பர் இல்லை, ஏழு வருடத்துப் பழைய டோக்கன் நம்பர்தான் அதில் இருந்தது.