பத்து மடங்கு சாயம்

எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். எலியைப் பார்ப்பவள் நான் ஒருத்திதான். பதினோரு வருடமாக அதுதான் என் உத்தியோகம். அதுவும் வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக உத்தியோகம்.

சுண்டெலியை மயக்கி, மண்டையோட்டில் மிளகு அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, மூளைமேல் சிவப்புச் சாயம் சொட்டி, கண்ணாடித் துண்டால் மூட வேண்டும். அந்தச் சாயம் பேர்பெற்ற நரம்பணுக்களைச் சீண்டாது. அவற்றுக்குத் தீனி போட்டு, குப்பை அள்ளி, கூடமாட உழைக்கிற துணையணுக்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேசர் நுண்ணோக்கியில் அவை சிவப்பு நட்சத்திரங்களாகத் தெரியும். கூடவே ஒரு பச்சைச் சாயமும் உண்டு. அணுவுக்குள் ஏதாவது பரபரப்பு என்றால் அது பளிச்சிடும்.

பேராசிரியருக்குச் சிவப்பு போதவில்லை.

"என்னம்மா இது, அழுது வடியுது? பத்திரிகை அட்டைல போடுற மாதிரி வேணாமா? இன்னும் கொஞ்சம் தூக்கிப் போடு."

தூக்கித் தூக்கி, வழக்கமான அளவைப்போல் பத்து மடங்கில் வந்து நின்றது. படம் தகதகவென்று வந்தது. அதே வாரம் பேராசிரியரின் மருமகன் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார். அவரும் எங்கள் ஆய்வகத்தில்தான் வேலை. மாமனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். நிமிடத்துக்கொரு முறை துணையணுக்கள் மொத்தமாகப் பச்சையில் பளிச்சிட்டன. அலை! மாமனார் துள்ளினார். அதற்குத் தன் பெயரையே வைத்தார்.

வெளிச்சம் படாமலிருக்க எலியைக் கறுப்புத் துணியால் மூடியிருப்போம். உடம்புச் சூடு பார்க்க என் விரல் மட்டும் உள்ளே அதன் பின்னங்காலில் இருக்கும். திரையில் அலை வரும்போதெல்லாம் அந்தக் கால் வெடவெடவென்று உதறியது. மயங்கிக் கிடக்கிற எலி ஏன் உதறுகிறது? வலிப்பு. சாயம் மிஞ்சினால் மூளை சும்மா இருக்குமா?

சொன்னேன். பேராசிரியர் கண்ணை மூடி யோசித்தார்.

"அப்படின்னா அலை காலையும் ஆட்டுது! மாப்பிள்ளை, இதையும் கட்டுரைல சேர்த்துக்குங்க."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நானே ஒரு எலிக்குப் பழைய அளவில் சாயம் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரங்கள் மங்கலாகத் தெரிந்தன. அலையும் இல்லை, உதறலும் இல்லை. மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் காட்டினேன்.

"எனக்கும் சந்தேகம்தான்க்கா. மாமாகிட்ட யாரு சொல்றது? வீட்டுக்குத் தப்பிச்சுப் போனா, அங்க அவர் பொண்ணுல்ல இருக்கா!"

வீட்டில் என் கணவரும் அதே ராகம்தான். "இந்தக் கட்டுரை வந்ததும் உன்னை நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காருல்ல? ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத."

திறக்கவில்லை. ஒரு மாதம் எலிகள் உதறின, நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

அலையைப் பார்க்க வெளியிலிருந்து நிபுணர் குழு வந்த அன்று இன்னொரு உயிரைத் துடிக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. பழைய அளவையே போட்டேன். நாற்பது நிமிடம் எல்லோரும் திரைமுன் தவமிருந்தார்கள். அலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த எலி கொஞ்சம் மந்தம்" என்றார் பேராசிரியர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

குழுத் தலைவி என் பக்கம் திரும்பினார். "சாயம் போட்டது நீங்கதானே? இன்னைக்கு என்ன வித்தியாசம்?"

"இன்னைக்குச் சரியான அளவு. எப்பவும் பத்து மடங்கு. அதுல வலிப்பு வருதுங்க."

மாப்பிள்ளை கூரையை ஆராய்ந்தார். மாமனார் கழுவுற மீனில் நழுவுற மீன்.

"பத்து மடங்கா!" என்று நெஞ்சில் கை வைத்தார். "யாரும்மா உன்னைப் போடச் சொன்னது?"

'நீங்கதான்' என்று நான் சொல்வதற்குள் அவர் குழுவைக் காபிக்குக் கூட்டிப் போய்விட்டார்.

மூன்று மாதத்தில் கட்டுரை தயாரானது, வேறு தலைப்பில்: 'மிகைச் சாயம் வலிப்பைத் தூண்டும்: ஓர் எச்சரிக்கை'. எழுதியவர்கள் மாமனாரும் மருமகனும். உள்ளே ஒரு வரி: 'உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவால் பத்து மடங்கு சாயம் இடப்பட்டதில் இவ்வுண்மை தற்செயலாகத் தெரியவந்தது.' குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்!

அச்சுப்படியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் மேஜைமேல் இரண்டு காகிதங்களை நகர்த்தினார். ஒன்று நிரந்தர ஆர்டர். மற்றது, தவறு என்னுடையதுதான் என்று பத்திரிகைக்கு நான் தரும் கடிதம்.

"ரெண்டுலயும் ஒரு கையெழுத்தும்மா. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இல்ல."

"போட்டுடுங்கக்கா, எல்லாருக்கும் நல்லது" என்று மாப்பிள்ளை பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அந்த உதவியையாவது செய்தாரே!

பதினோரு வருடம். போட்டேன்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். கணவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். கட்டுரை வந்தால் நாலு பேர் கேட்பார்களே, சொல்லிப் பழகிக்கொள்வோம் என்று மகளிடம் ஆரம்பித்தேன். "அம்மா ஒரு தடவை அசந்து மறந்து பத்து மடங்கு சாயத்தைப் போட்டுட்டேன்டி."

அவள் சிரித்தாள். "சும்மா இரும்மா. உப்பையே ரெண்டு தடவை அளந்து போடுற ஆளு நீ. நீயாவது, மறக்கிறதாவது! யாரோ செஞ்சதை உன் தலைல கட்டிட்டாங்க. நீ போய் நல்லாக் கேளு."

"நான்தான் போட்டேன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். "எதிர்த்துப் பேசாத!"

பிள்ளை பயந்துபோய், "சரிம்மா, நீதான் போட்ட" என்றாள்.