தலைமையாசிரியரின் கடைவாய்ப்பல்

ஆவூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. அதன் தலைமையாசிரியர் சூசைமாணிக்கத்துக்கு வாழ்க்கையில் எல்லாமே கிடைத்துவிட்டது, ஒரு புகைப்படத்தைத் தவிர.

அவரிடம் படமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணப் படம் இருக்கிறது. ஆதார் அட்டைப் படம் இருக்கிறது. அதைப் பர்ஸில் குப்புறத்தான் சொருகி வைப்பார். அவர் ஏங்கியது வேறு படத்துக்கு. புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிச் சுவர்களில் எல்லாம், தேசத் தலைவர்களுக்கு ஓரடி தள்ளி, தன் படம் தொங்க வேண்டும். ஓரடி தள்ளி என்பது அவருடைய தன்னடக்கம்.

வருகிற மே மாதம் ஓய்வு. சுவரில் ஏற வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் போன் வந்தது. ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் மாவட்டத்தில் பள்ளி பள்ளியாக முகாம் போடுகிறார்களாம். சொத்தைப் பல் குறைவாக உள்ள பள்ளிக்குப் 'புன்னகைப் பள்ளி' என்று பட்டமாம். அந்தத் தலைமையாசிரியர் பிள்ளைகளோடு நிற்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்து, மாவட்டம் முழுக்க அனுப்புவார்களாம்.

போனை வைத்ததும் சூசைமாணிக்கம் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். தலையில் வாருவதற்கு அதிகம் இல்லை. இருந்ததை ஒரு லட்சியத்தோடு வாரினார்.

லட்சியத்துக்குக் குறுக்கே நின்றது பள்ளிக்கூடம்தான். அது மிட்டாயால் ஓடுகிற பள்ளிக்கூடம். மற்றவர்கள் பிரம்பு வைத்திருந்த காலத்திலேயே அவர் மேசைமேல் ஒரு தகர டப்பாவை வைத்து, அதற்கு 'அறிவு டப்பா' என்று பெயரும் சூட்டியவர். கணக்கைச் சரியாகப் போட்டால் மிட்டாய். தப்பாகப் போட்டு அழுதால் ஆறுதல் மிட்டாய். தடுப்பூசிக்கு அழாமல் கையை நீட்டினால் தைரிய மிட்டாய். பிறந்தநாள் வந்த பிள்ளை பள்ளிக்கே மிட்டாய் கொடுத்துவிட்டு, காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் நிற்கலாம். இப்பெரும் பேற்றுக்காக, கடன் வாங்கியாவது மிட்டாய் வாங்கி அனுப்பாத வீடு கிடையாது.

பிறந்தநாளோடு விட்டிருந்தால் நாலு பல் பிழைத்திருக்கும். ஆனால் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர் வீடுகளில் பிறந்தநாளைப் போல நாமவிழாவும் உண்டு. அதாவது, எந்தப் புனிதரின் பெயரை வைத்தார்களோ அவருடைய திருநாள். அந்தோணிகளுக்கு ஜூனில், சவேரியார்களுக்கு டிசம்பரில். அந்த நாட்களுக்கும் மிட்டாய் வந்தது. இதைப் பார்த்துவிட்டு அய்யப்பன் என்ற பையனின் தகப்பனார், "எங்க சாமிக்கு மட்டும் நாளு கெடையாதுங்களா சார்?" என்று வந்து நின்றார். மத நல்லிணக்கத்தில் சூசைமாணிக்கத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கார்த்திகை முதல் தேதியை அய்யப்பனுக்குக் கொடுத்தார். எல்லைச் சாமிகளின் பெயர் கொண்டவர்களுக்குக் கிடாவெட்டு நாளை ஒதுக்கினார். காவ்யா என்றொரு பெண். அந்தப் பெயரில் புனிதரும் இல்லை, சாமியும் இல்லை. ஒரு வாரம் யோசித்து, அவளுக்குச் சரஸ்வதி பூஜையை அளித்தார்.

இப்படியாக அந்தப் பள்ளியில் மிட்டாய் இல்லாத நாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்றைக்குக் கோயில் வாசலில் கடை போட்டிருப்பார்கள்.

அறிவு டப்பாவுக்குக் காவலும் சூசைமாணிக்கம்தான், முதல் வாடிக்கையாளரும் அவர்தான். அதன் பயனாக அவருடைய இடது கடைவாய்ப்பல்லில் ஒரு குகை உண்டாகியிருந்தது. ஊசி என்றால் அவருக்கு உதறும் என்பதால் குகைக்குள் கிராம்பை அடைத்துக் காலத்தை ஓட்டிவந்தார். சார் ஏதோ உசத்தியான சென்ட் போடுகிறார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

முகாமுக்கு முந்தின வாரம் சுகுணா டீச்சரை அழைத்து, செல்போன் டார்ச் அடித்துப் பிள்ளைகளின் வாய்களைப் பார்த்து வரச் சொன்னார். டீச்சர் முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

"நாலாப்பு பூராம் பாத்துட்டேன் சார். சிரிச்சா நம்ம பள்ளிக்கூட வராண்டா மாதிரியே இருக்கு. தூணு, சந்து, தூணு, சந்து."

"வீட்டுல வளர்ப்பு சரியில்லைங்க டீச்சர்."

"வளர்ப்ப விடுங்க சார். அந்த டப்பாவ ஒரு வாரம் பீரோவுக்குள்ள வையுங்களேன்."

"டப்பாவுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்ட சூசைமாணிக்கம், கிராம்பை நாக்கால் தள்ளிச் சரிசெய்துகொண்டார்.

வளர்ப்பை விசாரிக்கத் தாய்மார்களை வரவழைத்தார். முதலில் இன்னாசியம்மாள் வந்தாள். மாணவர் தலைவன் லியோவின் அம்மா, கணவர் துபாயில்.

"லியோ பல்லு வெளக்குறானா இல்லியாம்மா?"

"அது விழப்போற பல்லுதானே சார். விழுந்து நல்ல பல்லு மொளைக்கட்டும், அப்பறமேட்டு வெளக்கிக்கிறலாம்."

"வீட்டுல பிரஷ்ஷாவது இருக்கா?"

"என்னா சார் இப்புடிக் கேட்டுப்புட்டீங்க! அவுக அப்பா கரன்டுல ஓடுற பிரஷ்ஷே அனுப்பியிருக்காக. பெட்டி பிரிக்காம ஷோகேஸ்ல வச்சிருக்கேன். விருந்தாடி வந்தா பாப்பாகள்ல."

"கூட சாக்லேட் வந்திருக்குமே?"

"அது வந்த அன்னைக்கே முடிஞ்சு போச்சு சார்."

"ராத்திரி?"

"டிவி பாத்துக்கிட்டே சீனிப்பாலக் குடிப்பான், அப்புடியே தூங்கிருவான். தூங்குற புள்ளைய எழுப்பிப் பல்ல வெளக்குன்னா பாவமில்லைங்களா?"

அடுத்து வந்தவள் முந்திரி உடைக்கப் போகிறவள். அவள் சுற்றி வளைக்கவில்லை. "வெள்ளன வேலைக்குப் போயிருவேன் சார். சோறு வடிக்க நேரமில்ல. பத்து ரூவாயக் கையில குடுத்துட்டுப் போவேன். அது கடையில எதையாச்சும் வாங்கித் தின்னுக்கிரும். நீங்க என்ன செய்யச் சொல்றீங்க?"

சூசைமாணிக்கம் பல்லின் மேன்மை பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினார். அவள் பாதியிலேயே பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

பல்லை மாற்ற முடியாது, பல்லுக்காரர்களை மாற்றலாம். இந்த ஞானம் அவருக்குக் குளிக்கும்போது உதித்தது. முகாம் அன்று சொத்தைப் பல்லுக்காரர்களை எல்லாம் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் அடைத்துக் கார்ட்டூன் படம் போட்டுவிடுவது. நல்ல பல் உள்ள சொற்பப் பேரைப் பள்ளியில் பரவலாக உட்காரவைப்பது. கேட்டால், ஊரெல்லாம் காய்ச்சல்.

"சத்தம் போடாம இருக்க ஆளுக்கு ரெண்டு மிட்டாய் குடுத்துருங்க டீச்சர்."

"சொத்தப் பல்லுக்கே மிட்டாயா சார்?"

"சத்தம் வந்தா காரியம் கெட்டுரும். நல்ல பல்லுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

நல்ல பல்லுக்கு ஒன்றும் கிடையாது என்ற இந்த முடிவுதான் அவரைக் கவிழ்த்தது.

முகாம் நாளன்று வேன் வந்து நின்றது. இறங்கிய டாக்டர் ஃபெமினாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வரவேற்புரையைப் பல்லின் தோற்றத்திலிருந்து ஆரம்பித்த சூசைமாணிக்கம் பால்பற்களை எட்டுவதற்குள், "புள்ளைங்களப் பாத்துரலாமா சார்?" என்று அவர் கையுறையை மாட்டிவிட்டார்.

முதலில் காவ்யா. வாயைத் திறந்தாள். டாக்டர் வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடியை விட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"அருமை! ஒரு சொத்தகூட இல்ல. நீ மிட்டாயே திங்கமாட்டியா?"

"கெடைக்கிறத எல்லாம் தம்பிக்குக் கொண்டு போயிருவேன்."

"தம்பி பல்லு எப்படி இருக்கு?"

"தம்பிக்குப் பல்லு எங்க இருக்கு? எல்லாம் வேருதான் இருக்கு."

சூசைமாணிக்கம் பெருமையாகச் சிரிக்கத் தொடங்கிய வேளையில் காவ்யாவின் உதடு பிதுங்கியது. பொலபொலவென்று அழுதாள்.

"ஏம்மா அழுவுற? ஒம் பல்லுதான் நல்லாருக்கே?"

"அதுனாலதான் அழுவுறேன். சொத்த இருந்தாத்தான் மண்டபத்துல படமும் மிட்டாயும். ஒரே ஒரு சொத்தையாச்சும் இருக்குன்னு சொல்லுங்க டாக்டர்!"

"எந்த மண்டபம்?"

அந்த நேரம் பார்த்துக் கார்ட்டூன் பூனை எங்கேயோ மாடியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். கோயில் மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் இருந்த அத்தனை பற்களும் சொத்தை என்பதைச் சூசைமாணிக்கம் நன்கு அறிவார்.

"அது வந்து... காய்ச்சல்காரப் புள்ளைங்க" என்றார்.

காய்ச்சல்காரப் பிள்ளைகள் பிசுபிசுத்த கைகளோடு வரிசையாக வந்தார்கள். டாக்டர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே மிட்டாயின் மூலத்தை விசாரித்தார். சூசைமாணிக்கத்துக்குத் தன் சீர்திருத்தங்களைப் பற்றி யாராவது கேட்டால் ஆபத்து மறந்துவிடும். அறிவு டப்பா, நாமவிழா, கார்த்திகை முதல் தேதி, கிடாவெட்டு, சரஸ்வதி பூஜை என்று மதவாரியாக விளக்கினார்.

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "சொத்தப் பல்லு எதுனால வருதுன்னு நாங்க ஊரூராப் போயி விசாரிக்கிறோம் சார். நீங்க அதுக்கு டைம்டேபிளே போட்டு வச்சிருக்கீங்க."

பட்டம் போயிற்று. இனி படமும் இல்லை. சூசைமாணிக்கத்துக்கு அந்த வருத்தத்தில் கடைவாய் விண்ணென்று தெறித்தது.

அதற்குள் வேறொரு கலவரம். வேனுக்குள் இருந்த சாய்வு நாற்காலியையும் தட்டில் கிடந்த கருவிகளையும் பார்த்த மாணவர் தலைவன் லியோ, வராண்டாத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தலைவன் எவ்வழியோ அவ்வழியே பள்ளியும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டது.

"சார், ஒரு ஒதவி. நீங்க மொதல்ல ஒக்காந்து காட்டுங்க. புள்ளைங்களுக்குப் பயம் போகட்டும்" என்றார் டாக்டர்.

"நானா? எனக்குப் பல்லெல்லாம் இரும்பு மாதிரி..."

"சும்மா வாயத் தொறந்து காட்டுனாப் போதும்."

தைரியம் பற்றிக் காலைக் கூட்டத்தில் மாதம் ஒரு முறை பேசுகிறவர் அவர். பள்ளியே பார்த்துக்கொண்டிருக்க, ஏறி உட்கார்ந்தார். டாக்டர் விளக்கை இழுத்தார். எட்டிப் பார்த்தார். ஒரு குச்சியால் கிராம்பை வெளியே எடுத்து, அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சார்... எத்தன நாளா வலிக்குது?"

சூசைமாணிக்கம் கூரையைப் பார்த்தார்.

"வேர் வரைக்கும் போயிருச்சு. இன்னைக்கே எடுத்துரணும். அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார். இவ்வளவு தெளிவா ஒரு சொத்தை கெடைக்கிறது கஷ்டம். போஸ்டர் போட்டு மாவட்டம் முழுக்க எல்லா ஸ்கூலுக்கும் அனுப்புவோம். ஒங்க பேரு வராது, வாய் மட்டுந்தான். சம்மதமாங்க சார்?"

போஸ்டர் என்ற சொல் காதில் விழுந்தது. மாவட்டம் முழுக்க என்பது விழுந்தது. அதற்கப்புறம் டாக்டர் சொன்னது எதையும் அவர் உள்ளே விடவில்லை. சற்றுப் பொறுக்குமாறு கையை உயர்த்தினார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். படுத்தபடியே முன்னும் பின்னும் வாரி, சட்டைக் காலரை இழுத்துவிட்டு, தலையை ஆட்டிச் சம்மதம் தெரிவித்தார்.

"தல வார வேணாங்க சார்" என்று சொல்லிப் பார்த்த டாக்டர், இரண்டு கொக்கிகளை மாட்டி அவருடைய கன்னங்களை இரண்டு பக்கமும் இழுத்தார். கேமரா பளிச்சென்றது.

பிறகு ஊசி வந்தது. பிறகு குறடு வந்தது. நடந்ததை வேனின் கதவில் தொத்திக்கொண்டு பள்ளி முழுவதும் பார்த்தது. இரும்பு மாதிரிப் பல் கொஞ்சம் அடம்பிடித்துவிட்டு வெளியே வந்தபோது தலைமையாசிரியரின் கண்ணோரத்தில் ஈரம் இருந்தது உண்மை.

பஞ்சைக் கடித்தபடி எழுந்து உட்கார்ந்தவரின் முன்னால் லியோ வந்து நின்றான். கையில் அறிவு டப்பா.

"நீங்க அழுவல சார். கொஞ்சூண்டுதான் அழுதீங்க. இந்தாங்க, தைரிய மிட்டாய்."

சூசைமாணிக்கம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மிட்டாயைப் பார்த்தார். வாய் நிறையப் பஞ்சு. ஒரு சிற்றுரைக்குக்கூட வழியில்லை.

"வேணாட்டிக் குடுங்க சார், தம்பிக்கு ஆகும்" என்று காவ்யா கையை நீட்டினாள்.

புன்னகைப் பள்ளிப் பட்டம் கடலோரத்தில் ஏதோ ஒரு பள்ளிக்குப் போனது. அறிவு டப்பா பீரோவுக்குள் போனது. நாமவிழாவுக்கு அவித்த கடலை என்று சுகுணா டீச்சர் சட்டம் போட்டார். அன்றிலிருந்து வாசலுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் வியாபாரம் அமோகம்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறந்தபோது போஸ்டர் வந்தது. சூசைமாணிக்கம் தானே கயிற்றை அவிழ்த்து விரித்தார். முடி இல்லை. காலர் இல்லை. மூக்குகூட இல்லை. கொக்கிகளுக்கு நடுவே ஒரு பிரம்மாண்டமான வாய், அதற்குள் ஒரு குகை. மேலே 'இப்படி விடலாமா?' என்று சிவப்பு எழுத்தில் கேட்டிருந்தார்கள்.

எல்லோரும் பார்க்கும் இடத்தில் அதை மாட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சுகுணா டீச்சர் காலைக் கூட்டம் நடக்கும் இடத்துச் சுவரில் மாட்டினார். தேசத் தலைவர்களுக்குச் சரியாக ஓரடி தள்ளி இடம் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பிள்ளைகள் போஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். காலைக் கூட்டத்தில் ஒவ்வொரு நாளும் அரைமணி நேரம் வேறு வழியில்லாமல் அந்த வாயையே பார்த்து நின்றவர்களுக்கு அடையாளம் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"டேய், நம்ம சாரு வாயிடா!"

அறை ஜன்னல் வழியாக இது தெளிவாகக் கேட்டது. சூசைமாணிக்கம் கேட்காதவர்போல் இருந்தார். மறுநாள் காலை லியோ கதவோரம் வந்தான்.

"சார், ஆலங்குடியில எங்க மாமா மக படிக்கிற ஸ்கூல்லயும் மாட்டியிருக்காகளாம். அம்மா போன்ல பேசுனாக. அது எங்க சாரு வாயின்னு நான் சொல்லிட்டேன் சார்."

சூசைமாணிக்கம் அவனை முறைத்தார். வெளியே எட்டிப் பார்த்தார், யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்க எந்த எடத்துல மாட்டியிருக்காகளாம்?"

"வாசல்லயே சார். உள்ள போற எல்லாரும் பாக்குற மாதிரி."

"படம் தெளிவா வந்திருக்காமா?"

"சூப்பரா வந்திருக்காம் சார். ஓட்டை நல்லாத் தெரியுதாம்."

"சரி சரி, கிளாசுக்குப் போ" என்ற சூசைமாணிக்கம், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார்.